கண்மாய்க்குப் புள்ளி வைத்தால் போதாது

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்கு, அதாவது பாசன ஏரிகளுக்கு, ஓர் இணைய வரைபடம் செய்யும் வேலையில் மூன்று மழைக்காலம் கழிந்துவிட்டது. ஒரு கண்மாயைத் தொட்டால், அதில் இப்போது எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகும் என்பதெல்லாம் போனிலேயே தெரிய வேண்டும். ஊர்க்காரர்களே தகவல் போட வேண்டும், அவர்களே எடுத்துக்கொள்ளவும் வேண்டும். இதுதான் எண்ணம். நான் பிழைப்புக்கு வெப் டிசைன் செய்பவன். கூட நின்றவர்கள் இரண்டு ஆசிரியர்கள், ஒரு விவசாயி, விடுமுறைக்கு வந்து போகும் கல்லூரிப் பிள்ளைகள். இதே மாதிரி வேலையைக் கையில் எடுக்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்று, எங்கே இடறினோம், எதை மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அதற்கப்புறம்தான் எங்கள் பக்கத்தில் ஏரி, ஊருணி, சுனை, கண்மாய் என்று பேச்சு அதிகமானது. "நம்ம ஊர்ல எத்தனை கண்மாய் இருக்குன்னு ஒரே இடத்துல பார்க்க முடியுமா?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். முடியும் என்றேன். அப்போது அது ஒரு மாத வேலை என்று நினைத்தேன்.

முதல் வடிவம் எல்லோரும் செய்வதுதான். எல்லோரும் சேர்ந்து வரைகிற இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடித்தளம், அதை இணையப் பக்கத்தில் காட்டுகிற லீஃப்லெட் என்ற நிரல், கண்மாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தொட்டால் ஒரு பெட்டி திறக்கும். பெயர், ஊர், பரப்பு ஹெக்டேரில். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது மேலூரில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாப் புள்ளிகளும் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, கடலில் கிடந்தன. மேலூரின் அட்சரேகை சுமார் 10.03, தீர்க்கரேகை 78.34. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் சரியாக அந்தக் கடலில்தான் போய் விழும். இடத் தகவலைச் சேமிக்கிற ஜியோஜேசான் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். லீஃப்லெட்டில் நேரடியாகக் கொடுக்கும்போது அட்சரேகை முதலில் வரும். கையால் எழுதிய விரிதாளில் எது முதலில் என்பது எழுதியவர் மனசைப் பொறுத்தது. ஆகவே தகவல் உள்ளே வரும் வாசலிலேயே ஒரு சோதனை வைத்துவிடுங்கள்: உங்கள் வட்டாரத்தின் எல்லைக்கு வெளியே விழும் புள்ளி எதையும் ஏற்காதே என்று. பத்து வரி நிரல்தான். எங்களுக்கு அது பல தடவை கைகொடுத்திருக்கிறது.

புள்ளிகள் சரியான இடத்துக்கு வந்ததும் அழகாகத்தான் இருந்தது. பெரிய தாளில் அச்செடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடைக்குக் கொண்டுபோனேன். போனைக் கொடுக்காமல் தாளைக் கொண்டுபோனதற்குக் காரணம் உண்டு. போனைக் கையில் கொடுத்தால், எங்கே அழுத்துவது என்ற கூச்சத்திலேயே நேரம் போய்விடும். தாள் என்றால் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள், விரல் வைப்பார்கள், சண்டை போடுவார்கள். இடைமுகம் வடிவமைக்கிற யாரும் முதல் சோதனையைத் தாளில் செய்வது நல்லது என்று அன்றைக்குப் புரிந்தது.

தாளை மேசையில் விரித்ததும் அங்கிருந்தவர்கள் முதலில் செய்த காரியம் அதைத் திருப்பியது. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது வரைபடம் செய்கிறவர்களின் வழக்கம். அவர்களுக்குக் கண்மாய்க் கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் கணக்கு. அப்புறம் தேடினார்கள். தாளில் கண்மாய்ப் பெயர் இருந்தும் அதைப் பார்க்கவில்லை. "ஐயனார் கோயில் எங்க?" "ரேசன் கடை எங்க?" என்று தேடினார்கள். எங்கள் பக்கம் கண்மாய்க் கரையில் ஐயனார் இருப்பார், மடைக்குப் பக்கத்தில் கருப்பு இருப்பார். ஊர்க்காரர் மனசில் இருக்கிற வரைபடத்தில் அவைதான் ஆணிகள். அடித்தள வரைபடத்தில் நெடுஞ்சாலை எண்கூட இருந்தது, ஐயனார் இல்லை.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். பல வருஷம் நீர்பாய்ச்சியாக இருந்தவர், மடை திறக்கிறதும் அடைக்கிறதும் அவர் பொறுப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏப்பா, எங்க கம்மாய் இதுல எது?"

காட்டினேன்.

"சரி. இதுக்குத் தண்ணி எந்தப் பக்கமிருந்து வருது?"

"அது இதுல இல்லங்கய்யா. இடம் மட்டும்தான்."

"தண்ணி வர்ற பாதை இல்லாம இதை வச்சு நாங்க என்னப்பா செய்யுறது?"

கேட்டுவிட்டு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். தாளின் மேலே மலைப்பக்கத்தில் ஆரம்பித்து ஒரு கோடு. அது ஒரு புள்ளியில் முடிந்தது. அந்தப் புள்ளியின் இன்னொரு ஓரத்திலிருந்து அடுத்த கோடு, அடுத்த புள்ளி. ஐந்து கண்மாயைத் தாண்டி அவர் ஊர்க் கண்மாய்க்கு வந்து சேர்ந்தார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக்கொண்டே போட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்தக் கம்மாய்க்குக் கலுங்கு ரெண்டு. வடக்குக் கலுங்கு பாஞ்சா நமக்கு, தெக்குக் கலுங்கு பாஞ்சா அவங்களுக்கு" என்றார். நிரம்பிய கண்மாயின் உபரி வழிகிற இடம் கலுங்கு, அப்படி வழிந்தோடும் தண்ணீர் மறுகால். கடைசியாக, "மேல கம்மாய் மறுகால் பாஞ்சதுன்னு காதுல விழுந்தா, மூணாம் நாள் நமக்குத் தண்ணி. அதைச் சொல்லுமா உன் படம்?" என்றார்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு செய்த எல்லாமே அந்த நீலப் பேனாக் கோடுகளை ஒழுங்காக இணையத்துக்குக் கொண்டுவரும் முயற்சிதான். தென்மாவட்டத்துக் கண்மாய்கள் தனித்தனிக் குட்டைகள் கிடையாது. மேலே இருப்பது நிரம்பி வழிந்தால் கீழே இருப்பதற்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகக் கோத்துக் கட்டியவை. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் மேலூர்ப் பக்கத்துக்கு ஒருபோகத்துக்குத்தான். அதுவும் எட்டாத கண்மாய்கள் மழையையும் மேல்கண்மாயின் மறுகாலையும் மட்டுமே நம்பி இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர் வரைபடத்தைத் திறந்தால் அவருக்கு இருக்கிற கேள்வி ஒன்றுதான்: எனக்கு மேலே என்ன நடக்கிறது? புள்ளிகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

கோடு போடுவது சுலபம் என்று நினைத்தேன். முதலில் ஒவ்வொரு கண்மாய்க்கும் 'கீழ்க்கண்மாய்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தோம். இரண்டு கலுங்கு உள்ள கண்மாய் வந்ததும் அது உடைந்தது. அப்புறம் தனி அட்டவணையாகப் பிரித்தோம்: எதிலிருந்து, எதற்கு, எதன் வழியாக. வழி என்பது கலுங்கா, மடை வாய்க்காலா, பெரியாற்றுக் கால்வாயின் கிளையா என்பதும் முக்கியம். கலுங்கு என்றால் நிரம்பினால்தான் தண்ணீர் போகும். மடை என்றால் திறந்தால் போகும். தகவல் தளத்தை முதலிலேயே இப்படி அமைத்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். எதையாவது வரைபடமாக்கும் முன்னால், இதில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று ஊரில் கேட்டுவிட்டு அட்டவணை போடுங்கள்.

கோட்டின் திசை இன்னொரு தலைவலி. வரைபடத்தில் கோடு என்பது வரிசையாக வைத்த புள்ளிகள். மேலிருந்து கீழாக வைத்தால் அம்புக்குறி சரியாக வரும். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கீழிருந்து மேலாக வரைந்துவிட்டதால் சில இடங்களில் தண்ணீர் அழகர்மலைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் தரும் உயரத் தகவலை வைத்துத் தானாகத் திருத்திவிடலாம் என்று பார்த்தோம். நடக்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் அந்த உயரத் தகவலில் சில மீட்டர் பிழை இருக்கும். எங்கள் சமவெளியில் அடுத்தடுத்த இரண்டு கண்மாய்க்கு நடுவே இருக்கிற மொத்தச் சரிவே அவ்வளவு இருக்காது. பெரியவர்கள் மட்டம் பார்த்து வெட்டி வைத்த வாய்க்காலை அந்தத் தகவலால் கண்டுபிடிக்க முடியவில்லை. நடந்து பார்த்துத்தான் ஒவ்வொரு கோட்டையும் உறுதி செய்தோம். உறுதி செய்த கோட்டுக்கு முழுக்கோடு, கேள்விப்பட்டு மட்டும் போட்டதற்கு விட்டுவிட்டு வரும் கோடு. இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் வைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டால் ஜனங்கள் அதை நம்பிவிடுகிறார்கள்.

இப்போது ஒரு கண்மாயைத் தொட்டால் மற்றவை மங்கிவிடும். அதற்கு மேலே உள்ள சங்கிலி ஒரு நிறத்திலும் கீழே உள்ள சங்கிலி இன்னொரு நிறத்திலும் எழுந்து நிற்கும். மொத்த இடைமுகத்தில் எல்லோரும் பயன்படுத்துவது இந்த ஒன்றைத்தான்.

அடுத்தது தண்ணீர் அளவு. நான் ஆரம்பத்தில் சதவீதம் வைத்திருந்தேன், நூறு வரைக்கும் இழுத்துவிடும் ஒரு பட்டை. யாரும் போடவில்லை. போட்டவர்களும் ஐம்பது என்று போட்டார்கள். கரையில் நிற்கிற மனுசனுக்கு 37 சதவீதம் என்று எப்படித் தெரியும்? ஊரில் சொல்வது வேறு: வறண்டு கிடக்கு, கால் கண்மாய், அரைக் கண்மாய், முக்கால், நிறைஞ்சு மறுகால். ஐந்தே ஐந்து பொத்தான்கள் வைத்தோம், அதே வார்த்தைகளோடு. அன்றிலிருந்து தகவல் வர ஆரம்பித்தது. பரப்பையும் ஹெக்டேரிலிருந்து ஏக்கருக்கு மாற்றினோம். ஹெக்டேர் தேவைப்படுகிறவர் இறக்கிக்கொள்ளும் கோப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறைய வரைபடங்கள் கோட்டை விடுகின்றன. வறண்டதற்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், நிறைந்ததற்குப் பச்சை என்று வைத்திருந்தேன். முதல் பிரச்சினை, வயல்காட்டுப் படத்தின்மேல் பச்சைக் குறி கரைந்துபோனது. இரண்டாவது, ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எங்கள் குழு ஆசிரியர் ஒருவருக்கே அது இருப்பது இந்த வரைபடத்தைக் காட்டிய அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாவது, வெயில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கண்மாய்க் கரையில் நின்று போனைப் பாருங்கள், எந்த நிறமும் நிறமாகத் தெரியாது. அறைக்குள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த மென்மையான நிறமெல்லாம் அங்கே வெள்ளையாகிவிடும்.

கடைசியில் நிறத்தை நம்புவதைக் குறைத்தோம். கண்மாய்க் கரை வில் மாதிரி வளைந்திருக்கும் அல்லவா, அதே வடிவத்தில் சின்னப் பிறைக் குறி. கால் என்றால் கால்பங்கு நிரம்பியிருக்கும், அரை என்றால் பாதி. நிறம் ஒரே நீலம், அடர்த்தி மட்டும் மாறும். மறுகால் பாய்ந்தால் பிறையின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கோடு வழியும். நிறமே தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும். கரையில் நின்று, திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வெறும் கண்ணால் சோதித்த பிறகுதான் அதை ஏற்றினோம்.

இதில் இன்னொரு பெரிய தவறும் இருந்தது. தகவல் வராத கண்மாய்க்கும் வறண்ட கண்மாய்க்கும் ஒரே வெற்றுக் குறியை வைத்திருந்தேன். பார்த்தவர்கள் பாதி வட்டாரமே காய்ந்து கிடக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் வேறு வேறு. எந்த வரைபடத்திலும் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். இப்போது வறண்டதற்குப் பழுப்பு நிறப் பிறை, தகவல் இல்லாததற்குச் சாம்பல் நிற விட்டுவிட்ட கோடு. பத்து நாளுக்கு மேல் பழைய தகவல் என்றால் குறி தானாக மங்கிவிடும்.

தேதி விஷயத்தில் ஒரு ராத்திரி எங்களுக்குப் பாடமானது. ஒரு கார்த்திகை மாதம், யாரோ வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அதில் மேல்கண்மாய் மறுகால் பாய்வதாகக் காட்டியது உண்மைதான், ஆனால் அது மூன்று வாரத்துக்கு முந்தைய படம். குழுவிலிருந்து குழுவுக்குப் போய், மழை பிடித்திருந்த ஒரு ராத்திரி கீழூர்க்காரர்கள் கைக்கு வந்தது. பத்துப் பதினைந்து பேர் மணல் மூட்டையோடு கரைக்குப் போய் விடிய விடிய நின்றிருக்கிறார்கள். மேலே தண்ணீர் வடிந்து பல நாள் ஆகியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த அலைச்சலுக்கு எங்கள் படம்தான் காரணம். மறுநாளே, வரைபடத்தின் உள்ளே, எவ்வளவு பெரிதாக்கினாலும் நகர்த்தினாலும் மறையாத இடத்தில், பார்க்கிற தேதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் வைத்தோம். தொட்ட கண்மாயின் பெயருக்கு அடியில் 'கடைசித் தகவல்: 3 நாளுக்கு முன்' என்று வரும். உங்கள் வரைபடம் ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் ஊரெல்லாம் சுற்றும். தேதி, குறிகளின் விளக்கம், எந்த ஊர் என்பது மூன்றும் அந்த ஒரு படத்துக்குள்ளேயே அடங்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தேவையில்லாமலும் செய்ய வேண்டும். ஒருவர் பார்க்கிற இடம், பெரிதாக்கிய அளவு, தொட்ட கண்மாய் எல்லாம் இணைப்பு முகவரியிலேயே பதிந்துவிடும்படி செய்தோம். அதை அனுப்பினால் பெறுகிறவருக்கு அதே கண்மாய் அதே மாதிரி திறக்கும், அன்றைய தகவலோடு. இதற்கு முன்னால், அனுப்பிய இணைப்பைத் திறந்தவருக்கு மொத்த வட்டாரமும் தெரிந்து, அதில் தன் ஊரைத் தேடுவதற்குள் மூடிவிட்டுப் போய்விடுவார்.

போனில் வரைபடம் வைக்கும்போது வருகிற சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தைக் கீழே தள்ளப் போனால் வரைபடம் விரலைப் பிடித்துக்கொண்டு தான் நகரும். பாவம், பார்க்கிறவர் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்வார். அதனால் வரைபடத்தை முழுத்திரையாகவே வைத்துவிட்டோம், மேலும் கீழும் எழுத்தே இல்லை. தொட்டால் புள்ளிக்கு மேல் திறக்கும் பெட்டி அந்தக் கண்மாயையே மறைத்துவிடும்; அதைத் திரையின் அடியில் எழும் தட்டாக மாற்றினோம். பொத்தான்கள் கட்டைவிரல் எட்டும் இடத்தில், பெரிதாக. உழவு வேலை செய்த கை, சின்னப் பொத்தானில் நிற்காது.

தமிழ் எழுத்துக்காகப் பட்ட பாடு தனி. வேகமாக ஓடும் என்று, வரைபடத்தைப் படமாக அனுப்பாமல் தகவலாக அனுப்பி போனிலேயே வரைய வைக்கும் வெக்டர் டைல் முறைக்கு மாறிப் பார்த்தோம். நாங்கள் எடுத்த நிரல் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக அடுக்குகிற வகை. 'மேலூர்' என்பதில் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'கொட்டாம்பட்டி'யில் ககரம் தனியாக, கொம்பும் காலும் அதற்கப்புறம் தனியாக. புள்ளிகள் எழுத்தைவிட்டு விலகி மிதந்தன. ஆங்கிலப் பெயரோடு விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தன் ஊர்ப் பெயரைத் தன் எழுத்தில் பார்க்க முடியாத வரைபடத்தை ஊர்க்காரர் எப்படித் தன்னுடையது என்று நினைப்பார்? அடித்தளத்தில் எழுத்தே இல்லாத படத்தைப் போட்டு, பெயர்களை மட்டும் உலாவியே எழுதும் சாதாரண எழுத்தாக மேலே வைத்தோம். உலாவிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். பெயர்கள் கூடிப்போனால் வேகம் குறையும் என்பதால், எந்த அளவில் எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்று கையாலேயே வரிசை போட்டோம்.

பெயரிலேயே வேறொரு சிக்கல். 'பெரிய கண்மாய்' என்று தேடினால் ஊருக்கு ஒன்று வரும். 'புதுக்கண்மாய்' அதைவிட அதிகம். அதனால் தேடல் பட்டியலில் கண்மாய்ப் பெயருக்கு அடியில் ஊர்ப் பெயரும், இருக்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் வரும். ஒரே கண்மாய்க்குப் பதிவேட்டில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர், மேலூரில் ஒரு பெயர் என்று மூன்று இருக்கும். மூன்றையும் சேமியுங்கள், எதைத் தேடினாலும் கிடைக்கட்டும், ஆனால் காட்டுவது ஊர்ப் பெயராக இருக்கட்டும். கைக்கு வந்த பழைய பட்டியல் ஒன்று யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வரி வரியாகப் படித்துத் திருத்தினோம். தகவலை இறக்கிக்கொள்ள சிஎஸ்வி கோப்பு கொடுத்தபோது, விரிதாளில் திறந்தவர்களுக்குத் தமிழ் கலைந்து ஏதோ குறிகளாகத் தெரிந்தது. யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இந்த ஒரு வரித் தகவல் தெரியாமல் ஒரு வாரம் போனது.

தகவல் போடும் முறைக்கு முன்மாதிரியாக மனசில் இருந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காகச் செய்த வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்கெனவே இருந்த தெருக் கோட்டைத் தொட்டால் அந்தத் தெரு மூழ்கியதாகப் பதிவாகும். புதிதாக எங்கோ ஒரு குறியை நடச் சொல்லவில்லை, இருக்கிறதைத் தொடச் சொன்னார்கள். அவசரத்தில் இருக்கிற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம்! நாங்களும் அப்படியே செய்தோம். போனின் ஜிபிஎஸ், புளியமரத்தடியில் நின்றால் இருபது மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். அதனால் அதை முழுசாக நம்பாமல், பக்கத்தில் இருக்கிற மூன்று கண்மாயைக் காட்டி, இதில் எது என்று கேட்கிறோம். ஒரு தொடுகை. அப்புறம் ஐந்து பொத்தானில் ஒன்று. முடிந்தது. போட்டோ விருப்பம் இருந்தால். சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே காத்திருந்து, கிடைத்ததும் போய்ச் சேரும்.

அடித்தளப் படங்களும் போனிலேயே இருந்தால் நல்லது என்று ஆசைப்பட்டோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் சர்வரிலிருந்து டைல்களை, அதாவது வரைபடத்தை வெட்டி வைத்த சதுரத் துண்டுப் படங்களை, மொத்தமாக இறக்கி வைப்பதை அனுமதிப்பதில்லை. தகவலை எடுத்து நாமே படமாக்கிக்கொள்ளலாம், அவர்களுக்கு நன்றிக்குறிப்பு போட வேண்டும். நம் அட்சரேகையில் பெரிதாக்கும் அளவின் 16ஆம் நிலையில் ஒரு டைல் சுமார் 600 மீட்டர் சதுரம். முப்பது கிலோமீட்டருக்கு இருபத்தைந்து என்று ஒரு வட்டாரத்தை எடுத்தால் அந்த நிலைக்கு இரண்டாயிரம் சொச்சம் டைல்கள்தான். இதெல்லாம் ஒரு சாதாரண லேப்டாப்பில் ஆகிற வேலை. இன்னொன்று: வரைபடத்தை எங்கள் வட்டாரத்துக்கு வெளியே நகர்த்த முடியாதபடி எல்லை கட்டிவிட்டோம். தவறி இழுத்து எங்கோ போய்த் தொலைந்துவிடுவதும் இல்லை, நாட்டின் எல்லைக்கோட்டை எப்படிக் காட்டுகிறோம் என்ற சட்டச் சிக்கலும் இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதலுக்குப் பிறகு, விலக்கப்பட்ட சில விவரங்கள் தவிர மற்றதை வரைபடமாக்க இந்தியர்கள் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆட்கள் போய்ப் பார்க்க முடியாத கண்மாய்களுக்குச் செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்று கேட்பார்கள். சென்டினல்-2 படங்கள் இலவசம், பத்து மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒரு முறை. ஆனால் ஐப்பசி கார்த்திகையில், எங்களுக்குத் தேவைப்படுகிற அந்த இரண்டு மாதமும் மேகம் மூடிக் கிடக்கும். மேகம் விலகியதும் பார்த்தால் ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும் மூடிய கண்மாய் பச்சையாகத் தெரியும். இடுப்பளவு தண்ணீர் கிடக்கிற கண்மாயை எங்கள் கணக்கு 'வறண்டது' என்று சொன்னது. அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து, "நேத்து இதுலதான் மீன் பிடிச்சோம், நீங்க காஞ்சு போச்சுன்னு போட்டிருக்கீங்க" என்றார், வருத்தத்தோடு. அன்றோடு இரண்டையும் கலந்து ஓர் எண்ணாகக் காட்டுவதை நிறுத்தினோம். ஊர்த் தகவல் தனி, செயற்கைக்கோள் தனி. எது எங்கிருந்து வந்தது என்று தெரியும்படி பக்கம் பக்கமாக இருக்கும்.

சேகரிக்கிற எல்லாவற்றையும் காட்டக் கூடாது என்பதையும் அனுபவப்பட்டுத்தான் கற்றோம். ஆரம்பத்தில் 'வேறு குறைகள்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். அதில் ஒருவர், கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற பரப்பில், இன்னார் நிலம் போட்டிருக்கிறார் என்று பெயரோடு எழுதிவிட்டார். நாங்கள் பார்க்கும் முன்னே அது வரைபடத்தில் ஏறிவிட்டது. எழுதியது யார் என்று ஊரில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கு நடுவே பேச்சு நின்று போனது. அதைச் சரிசெய்ய நாங்கள் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. ஆக்கிரமிப்பு பெரிய விஷயம்தான், பேச வேண்டியதுதான், ஆனால் அதற்கு இடம் கிராமசபையும் மனுவும். தொட்டால் திறக்கிற பொதுப் படத்தில் ஒரு தனி மனிதர் பெயர் இருக்கவே கூடாது. தகவல் போடுகிறவர் பெயரும் வெளியே தெரியாது. எழுதி அனுப்புகிற எதுவும் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே ஏறும். ஐந்து பொத்தான் தகவல் மட்டும் உடனே ஏறும்.

போன மழைக்கு முன்னால் அந்தப் பெரியவரிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்மாயைத் தொட்டேன். மேலே ஐந்து கண்மாயும் நீலத்தில் எழுந்தன. ரொம்ப நேரம் பார்த்தார். வரிசையாகப் பெயர்களைச் சொன்னார், நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே விரல் நின்றது. "இந்தக் கால் இப்ப இப்படிப் போகல. ரோடு போட்டப்ப குழாய் வச்சாங்க, அது மண்ணு அடைஞ்சு போச்சு. தண்ணி இப்ப தெக்க சுத்தி வருது" என்றார். நாங்கள் முழுக்கோடு போட்டு உறுதி செய்ததாக வைத்திருந்த வரத்துக்கால், அதாவது தண்ணீர் வரும் வாய்க்கால், அது. அதைத் திறந்து 'உறுதி செய்தது' என்பதை எடுத்துவிட்டு, கோடுகளுக்கும் கடைசியாக நடந்து பார்த்த தேதி வேண்டும் என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

அந்த வேலைதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. சனி ஞாயிறுகளில் இரண்டு பேர் இரண்டு பேராக வாய்க்காலோடு நடக்கிறோம், ஒவ்வொரு பாலத்தடியிலும் குனிந்து பார்த்துப் போட்டோ எடுக்கிறோம். இன்னும் பதினொரு வரத்துக்கால் பாக்கி. ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.